தக்காளி இலை சுருண்டால்: நோயா, புகையா?

தக்காளியைத் தாக்கும் பூஞ்சாண நோய்களுக்கு மருந்து உண்டு. நச்சுயிரி எனப்படும் வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. நோய் கண்ட செடியைப் பிடுங்கி அழிப்பதே வழி. ஆகவே, பிடுங்குமுன் அது நச்சுயிரிதானா என்று நிச்சயப்படுத்திக் கொள்ள வேண்டும்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் மாடியில் தொட்டி வைத்துத் தக்காளி வளர்ப்போருக்கு இது மிகவும் அவசியம். அங்கே இலையைக் கெடுப்பவை பல: ஆலைப் புகை, கடற்காற்றின் உப்பு, உவர் ஏறிய நிலத்தடி நீர். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததையும் மறப்பதற்கில்லை. நோயில்லாச் செடியை வீணே பிடுங்குவதும் உண்டு. புகைதான் என்று நோய்ச் செடியை விட்டுவைத்து மாடி முழுவதையும் இழப்பதும் உண்டு.

இலைச்சுருள் நச்சுயிரி கொழுந்தைத்தான் முதலில் தாக்கும். இளம் இலைகள் சிறுத்து, வெளிறி, சுருண்டு நெளியும். செடி குட்டையாகிப் புதர்போல் ஆகும். பூ உதிரும். நம் நாட்டில் இந்நோயை வாசுதேவா, சாம் ராஜ் ஆகியோர் 1948-இல் விவரித்தனர். இதைப் பரப்புவது வெள்ளை ஈ. நோய்ச் செடியில் சாறு உறிஞ்சிய ஈ, பல நாள்வரை நச்சுயிரியைச் சுமந்து திரியும்.

புள்ளி வாடல் நோய் வேறு. இது நிலக்கடலையில் மொட்டுக் கருகலை உண்டாக்கும் அதே நச்சுயிரியால் வருவது, பரப்புவது இலைப்பேன். இளம் இலைகள் வெண்கல நிறமாகி, கரும்புள்ளி விழுந்து, நுனி கருகும். பழத்தில் வட்ட வட்டமாக வளையங்கள் தோன்றும்.

தேமல் நோய்க்குப் பூச்சியே தேவையில்லை. கையும் கத்தரியும் போதும். பீடி, சிகரெட் புகையிலையிலும் இவ்வகை நச்சுயிரி இருக்கக்கூடும். ஆதலால் புகைத்த கையோடு செடியைத் தொடாமல், சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கிளை கிள்ள வேண்டும்.

புகையால் வரும் கேடு இப்படி இராது. கந்தகப் புகை பட்டால், முற்றிய இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் வெளுத்துக் காயும். தக்காளியோடு கத்தரி, கீரை என்று பல செடிகளிலும் ஒரே நேரத்தில், காற்று வந்த பக்கமாகத் தென்படும். உப்பு நீரானால் அடியிலைகளின் ஓரம் தீய்ந்துவரும். கோடையில் அடியிலைகள் மேல்நோக்கிச் சுருண்டு தோல்போல் தடித்தால் அது வெயிலின் வேலை. கொழுந்து நன்றாகவே இருக்கும். மொத்தத்தில் கொழுந்தைப் பார்ப்பதே சரியான சோதனை.

இன்னும் ஐயம் தீராவிட்டால் அந்தத் தொட்டியைத் தனியே எடுத்து வைத்து, மெல்லிய துணியால் மூடி, நல்ல நீர் ஊற்றி இரண்டு வாரம் கவனிக்கலாம். புதுத் துளிர் சுத்தமாக வந்தால் செடி பிழைத்தது. துளிரும் சுருண்டால் பிடுங்க வேண்டியதுதான். அப்போதும் சும்மா பிடுங்கினால் வெள்ளை ஈக்கள் பறந்து அடுத்த தொட்டிக்குப் போய்விடும். முதலில் செடிமேல் பையைக் கவிழ்த்துக் கட்டி, பிறகு வேரோடு எடுக்க வேண்டும்.

நாற்றுப் பருவத்தில் காப்பதே முக்கியம். பூக்குமுன் நோய் வந்த செடியில் விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. நாற்றுத் தொட்டியை அங்குலத்துக்கு 40 முதல் 50 கண் உள்ள நைலான் வலையால் மூட வேண்டும். கொசுவலை உதவாது, வெள்ளை ஈ அதன் கண்ணில் தாராளமாக நுழையும். பழைய டின்னுக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, ஆமணக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். இலைப்பேனுக்கு நீல வண்ணம் ஏற்றது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். பக்கத்துக் காலி மனையில் துத்தியும் பார்த்தீனியமும் மண்டிக் கிடந்தால் இத்தனையும் பாதிப் பயன்தான். இப்பூச்சிகள் அங்கேயும் தங்கிப் பெருகும்.

விதை வாங்கும்போதே எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தைக் கேட்டு வாங்கலாம். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் என்ற வீரிய ஒட்டு ரகம் இலைச்சுருள் நோயைத் தாங்கக்கூடியது.

காய்ப்புப் பருவத்தில் நோய் வந்த செடியின் காயை என்ன செய்வது? தாராளமாகச் சமைக்கலாம். செடிகளின் நச்சுயிரி மனிதருக்கு நோய் தருவதில்லை. அப்பகுதியில் காயின்மேல் படியும் தூசியைத்தான் நன்றாகக் கழுவ வேண்டும்.