பயறு முளைக்கலை... மாத்திரையை நிறுத்தலாமா?

வேப்பம்பட்டில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு ஒரு நாள் காலை ஒரு பெண்மணி பதறிக்கொண்டு வந்தார். "ஐயா, எங்க மாமா நாலு நாளா மாத்திரையைத் தொடவே மாட்டேங்கறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு!"

மாமனாருக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். எட்டாவது படிக்கும் பேரன், அறிவியல் கண்காட்சிக்காகத் தாத்தாவின் அட்டையிலிருந்து ஐந்து மாத்திரையைப் பொடித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, பச்சைப்பயறை ஊறப் போட்டிருக்கிறான். முளைக்கவில்லை. "பயிறையே முளைக்க விடாத மாத்திரை என் வயித்துக்குள்ள போய் என்ன பண்ணும்?" என்று பெரியவர் நிறுத்திவிட்டார்.

சித்த வைத்தியன் ஆயிற்றே, 'நல்லதாப் போச்சு, விடுங்க' என்று சொல்வேன் என எதிர்பார்த்தார் போலும்! நான் சொன்னது வேறு: "இன்னிக்கே உங்க இதய டாக்டரைப் போய்ப் பாருங்க." ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுப்பதுதான் ஆஸ்பிரினின் வேலை. ஸ்டென்ட் வைத்தவர்கள் தானாக நிறுத்தினால், அந்த இடத்திலேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். நிறுத்துவதா வேண்டாமா என்பதை மாத்திரை எழுதிய டாக்டர்தான் சொல்ல வேண்டும். பயறு அல்ல!

சரி, பயறு ஏன் முளைக்கவில்லை?

கணக்கைப் பாருங்கள். 200 மில்லி டம்ளரில் 375 மில்லிகிராம். அதாவது லிட்டருக்கு 1,875. பெரியவர் உடம்பில் இருக்கும் நீர் முப்பது லிட்டருக்கு மேல். 75 மில்லிகிராம் அதில் சமமாகப் பரவுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், லிட்டருக்கு இரண்டரைகூடத் தேறாது. பயறு குடித்தது 750 மடங்கு! கல்லுப்பை அள்ளிப் போட்ட தண்ணீரிலும்தான் பயறு முளைக்காது. அதற்காக ரசத்தில் உப்புப் போடாமல் இருக்கிறோமா?

இன்னொரு வேடிக்கை. ஆஸ்பிரினின் தாய்ச்சரக்கான சாலிசிலிக் அமிலம் செடிகளுக்குப் புதிதல்ல. நோய் தாக்கும்போது அவையே அதைச் சுரந்து எதிர்ப்பைத் தூண்டிக்கொள்கின்றன. 1979-ல் இங்கிலாந்தில் ஒயிட் என்ற ஆராய்ச்சியாளர் புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் கொடுத்து, வைரஸ் நோய் குறைவதைக் காட்டினார். அளவோடு இருந்தால் துணை, மிஞ்சினால் முளையை அமுக்கும். அமிர்தமும் நஞ்சும் கதைதான்.

பேரனின் சோதனையில் பெரிய ஓட்டை, வெறும் தண்ணீரில் ஒரு தட்டு வைக்காததுதான். பயறே பழசாக இருந்திருந்தால்? உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். ஒரே பொட்டலத்துப் பயறு, தட்டுக்கு இருபது. அடியில் பஞ்சு. முதல் தட்டில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் லிட்டருக்கு ஒரு 75 மில்லிகிராம் மாத்திரை கலந்த தண்ணீர். மூன்றாவதில் லிட்டருக்கு 25 மாத்திரை என்ற அளவு. நூறு மில்லி போதும், இரண்டரை மாத்திரையோடு முடிந்துவிடும். நான்காவதில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர். இது எதற்கு? ஆஸ்பிரின் அமிலம். முளையைத் தடுத்தது மருந்தா, வெறும் புளிப்பா என்று தெரிய வேண்டாமா? பள்ளி ஆய்வகத்தில் பி.எச். தாள் கேட்டு வாங்கி, மூன்றாவது தட்டின் புளிப்புக்குச் சமமாகச் சாற்றைக் கலக்கவும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிழலில் வைத்து, மூன்று நாள், ஒரே நேரத்தில் எண்ணி எழுதட்டும். பெரியவர்கள் சாப்பிடும் அட்டையில் கை வைக்க வேண்டாம், தனியாக வாங்கிக் கொடுங்கள். அந்தப் பயறைச் சுண்டல் பண்ணிவிடாதீர்கள்!

மிச்சமான மாத்திரையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காய்ச்சல் என்று குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் 'ரே' நோய் வரலாம். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால், ஆஸ்பிரின் பெரியவர்களுக்கும் ரத்தக்கசிவை அதிகமாக்கும். இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால், முதல் நாளே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

பெரியவர் அன்றைக்கே போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி மாத்திரையைத் தொடங்கிவிட்டார். பேரனுக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தானாம்.