எத்தனை இன்ச் தூக்கலாம்?

லிஃப்ட் கிட் போடலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, வண்டியை ஓர் எடைமேடைக்குக் கொண்டு போங்கள் என்பதுதான். பொள்ளாச்சியில் தேங்காய் லோடும் காங்கயத்தில் கொப்பரை லோடும் ஏறி இறங்கும் நம் பக்கத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. மலைக்குப் போகும்போது எதையெல்லாம் ஏற்றுவீர்களோ அத்தனையும் ஏற்றி, டேங்கை நிரப்பி, ஆட்களையும் உட்கார வைத்து முழு எடை போடுங்கள். பிறகு முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு முறை, பின்சக்கரம் மட்டும் ஒரு முறை. இந்த மூன்று எண்கள் கையில் இல்லாமல் ஸ்பிரிங் வாங்கப் போவதில் அர்த்தமே இல்லை.

காரணம் எளிது. ஸ்பிரிங் எவ்வளவு தூக்கும் என்பதை அதன் மேல் உட்காரும் எடை தீர்மானிக்கிறது. நல்ல கம்பெனிகளின் பட்டியலில் ஒரே வண்டிக்கு முன்பக்க ஸ்பிரிங் இரண்டு மூன்று வகை இருக்கும்: கம்பெனி பம்பரோடு இருப்பதற்கு ஒன்று, இரும்பு பம்பர் போட்டதற்கு ஒன்று, பம்பரோடு வின்ச்சும் வைத்ததற்கு ஒன்று. ஸ்டீல் ரோப் வின்ச் மட்டுமே 35 கிலோவுக்கு மேல் வரும், இரும்பு பம்பரும் கிட்டத்தட்ட அதே எடை. அவ்வளவையும் மூக்கில் மாட்டிக்கொண்டு லேசான ஸ்பிரிங் போட்டால், பெட்டியில் 50 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் வண்டி அதில் பாதிதான் உயரும். எதிர்காலத்தில் வின்ச் வாங்குவோம் என்று இப்போதே கடினமான ஸ்பிரிங்கைப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அந்த வண்டி எஸ்டேட் கல் ரோட்டில் குதிக்கும், ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் இன்னொன்று இறங்கித் தரையைத் தொட மறுக்கும். இன்றைக்கு வண்டியில் இருக்கிற எடைக்கு வாங்குங்கள்.

எடை போட்ட கையோடு டேப்பையும் எடுங்கள். சக்கரத்தின் நடு அச்சிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை நேர் செங்குத்தாக, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு மூலையிலும் அளந்து எழுத வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று மாறும்போதெல்லாம் கணக்கு மாறும். கொப்பரைக் களம் பார்வைக்குச் சமமாகத் தெரியும், ஆனால் தண்ணீர் வடியச் சரித்துப் போட்டிருப்பார்கள். அங்கே அளக்காதீர்கள். பழைய மேஜர் ஜீப், ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவே பாதி விடை சொல்லிவிடும். பல வருஷம் பாரம் சுமந்த ஸ்பிரிங் பட்டைகள் வளைவு இழந்து கிடக்கும். அவற்றுக்குத் தேவை லிஃப்ட் இல்லை. பட்டைக் கட்டைப் பிரித்து, பழைய வளைவு வாங்கி, புஷ்களை மாற்றினாலே வண்டி எழுந்து நிற்கும்.

அடுத்தது, எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடிப்பது. பட்டறையில் நுழைந்தவுடன் "ஏனுங்ண்ணா, எத்தனை இன்ச் தூக்கோணும்?" என்றுதான் கேட்பார்கள். கேட்கிற தம்பியிடம் ஒரு டப்பா சுண்ணாம்பு வாங்கி வரச் சொல்லுங்கள். டிஃபரன்ஷியல் உருண்டை, ஷாக்கின் அடிக்கால், கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டம், கதவுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்பு, பின் பம்பரின் அடி, எல்லாவற்றிலும் பூசிக் காயவிட்டு, வழக்கமாகச் சிரமப்படும் தடத்தில் ஒரு தடவை போய் வாருங்கள். தோட்டத்து இட்டேரியோ, வாய்க்கால் கரையோ, மழைக்குப் பிறகு நடுமேடு எழுந்த மண் சாலையோ, எதுவாகவும் இருக்கலாம். எங்கே சுண்ணாம்பு உரிந்திருக்கிறதோ அதுதான் உங்கள் பிரச்சினை.

உரிந்தது டிஃபரன்ஷியல் உருண்டையில் என்றால், உலகத்தில் எந்த லிஃப்ட் கிட்டும் உங்களுக்கு உதவாது. முழு ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங் தூக்குவது சேஸியையும் பாடியையும்தான். உருண்டை சக்கரங்களோடு சேர்ந்து தரைக்கு அருகே அப்படியே இருக்கும். அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான், அதுவும் டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான். ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். 2023-ல் இங்கே விற்பனைக்கு வந்த ஐந்து கதவு வண்டியில் கம்பெனி டயர் 195/80 ஆர்15. விட்டம் சுமார் 693 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ. விட்டத்தில் 40 கூடி, உருண்டைக்குக் கீழே கிடைப்பது 20 மி.மீ. இந்த டயருக்கு இடம் கொடுக்கத்தான் லிஃப்ட் தேவைப்படுகிறது. கூடவே ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது முன்பைவிட 5 கி.மீ. அளவுக்கு வேகமாக ஓடுவீர்கள், ஒவ்வொரு கியரும் கொஞ்சம் நீண்டுபோகும், இறக்கத்தில் என்ஜின் பிடிமானம் குறையும். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பிரேக்கின் சூடு அதைச் சொல்லிவிடும்.

சுண்ணாம்பு உரிந்தது நடுச் சட்டத்திலோ பாடி விளிம்பிலோ என்றால் லிஃப்ட் உதவும். எந்த லிஃப்ட் என்பது வண்டிக்கு வண்டி வேறு.

பட்டை வண்டிகளிலிருந்து தொடங்குகிறேன், நம்மூருக்கு அதுதான் பழக்கம். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பட்டை கட்டும் கைகள் எந்த ஊருக்கும் சளைத்தவை அல்ல. ஆனால் அந்தக் கைகளின் வேலை பாரம் தாங்க வைப்பது. ஜீப்புக்கும் கூடுதலாக ஒரு தடிப் பட்டை வைத்து உயர்த்தினால் வண்டி உயரும், சக்கரம் இறங்கி ஏறும் நெளிவு போய்விடும். மலைத்தடத்தில் நமக்கு வேண்டியது அந்த நெளிவுதான். மெல்லிய பட்டைகள் பல, நல்ல வளைவோடு, அதற்கேற்ற நீளமான ஷாக்கோடு: கேட்க வேண்டியது இது. நீளமான ஷாக்கிள் மாட்டுவது மலிவான வழி. அதில் ஷாக்கிள் கூடுகிற நீளத்தில் பாதிதான் உயரம் கிடைக்கும், ஆக்சிலும் லேசாகத் திரும்பிக்கொள்ளும். ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றிக் கட்டுகிற வேலையும் இருக்கிறது. ஒரேயடியாக நாலைந்து இன்ச் உயர்ந்துவிடும். பாறைப் போட்டிக்கு ட்ரெய்லரில் ஏற்றிப் போகும் வண்டிக்கு அது சரி. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவிநாசி ரோட்டில் ஓட்டும் ஜீப்புக்கு வேண்டவே வேண்டாம். ஸ்டியரிங் ராடு அதிகமாகச் சாய்ந்து, குழியில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் கூடி அதிரும். முதல் கியரில் மிதித்தால் பட்டையே முறுக்கிக்கொள்ளும்.

2020-ல் வந்த தாரில் முன்பக்கம் டபுள் விஷ்போன், பின்பக்கம் காயில் ஸ்பிரிங்கோடு முழு ஆக்சில். முன்பக்க ஷாக் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி நிற்பதால், அதன் தலையில் 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் அதைவிட அதிகமாகவே உயரும். உயர உயர, சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி ரப்பர் உறை சீக்கிரம் கிழியும், மேல் பால் ஜாயின்ட் தன் எல்லையில் போய் நிற்கும். இந்த அமைப்பில் இரண்டு இன்ச்சைத் தாண்ட வேண்டுமென்றால் மேல் விஷ்போனையும் மாற்றியாக வேண்டும். 226 மி.மீ. உயரத்தோடு வருகிற வண்டிக்கு அவ்வளவு எதற்கு என்று நான் கேட்பேன்.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், காயில் ஸ்பிரிங். என் வண்டியும் அதுதான், 40 மி.மீ. தூக்கி வைத்திருக்கிறேன். இதில் கவனிக்க வேண்டியது கேஸ்டர். முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் சேஸியில் ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்புகிறவை. சேஸி உயர்ந்தால் ஆக்சில் முன்னோக்கி உருளும், கேஸ்டர் கோணம் குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பி வருவது இந்தக் கோணத்தால்தான். அது குறைந்தால் பைபாஸில் 90-ல் போகும்போது வண்டி அலையும், கையைத் தளர்த்த முடியாது. துளையை மையம் தள்ளிப் போட்ட கேஸ்டர் புஷ் இதற்கென்றே விற்கிறது. 50 மி.மீ. கிட்டில் அது இல்லையென்றால் தனியாக வாங்குங்கள். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு ராடும் வண்டி உயரும்போது ஆக்சிலை ஒரு பக்கம் சில மி.மீ. இழுக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் அது சரியாகும்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. இங்கே கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு சந்தில் நுழைந்தால் லேத் பட்டறை. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைகிற அதே கை, மதியத்துக்குள் நான்கு நைலான் கட்டைகளைக் கடைந்து காயில் ஸ்பிரிங்குக்கு மேல் வைத்துத் தந்துவிடும். வேலை சுத்தமாகவும் இருக்கும். ஆனால் ஸ்பேசர் வைத்துவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஷாக் முழுக்க இழுபட்டு அதன் உள்தடுப்பில் இடிக்கும். உயரம் கூடியது, சக்கரம் ஓடும் தூரம் கூடவில்லை. லேத்தில் ஸ்பேசர் கடையலாம், பிராக்கெட் செய்யலாம். ஸ்டியரிங்கில் இருக்கும் எதையும் வெட்டி வெல்டு வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரேக் ஹோஸை நடுவில் ஜாயின்ட் போட்டு நீட்டவும் விடாதீர்கள், முழு நீளத்தில் புதியது வாங்குங்கள்.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். பெரும்பாலான பட்டறைகளில் வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கி முடித்துவிடுகிறார்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டுத்தான் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சில மாதத்தில் கிழியும். பட்டை வண்டியில் பழைய யூ-போல்ட்டைத் திரும்பப் பூட்ட விடாதீர்கள், புதியதுதான். 500 கி.மீ. ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் அன்றைக்கே, கேஸ்டர் எண்ணும் அச்சடித்த தாளோடு. ஹெட்லைட்டையும் இறக்கி வையுங்கள், எதிரே வருகிறவர் கண்ணுக்கு நீங்கள்தான் பொறுப்பு. பின் ஆக்சிலின் எடையைப் பார்த்துப் பிரேக்கைப் பங்கிடும் வால்வு இருக்கிற வண்டிகளில், வண்டி உயர்ந்ததும் அது பாரமில்லை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் கம்பியையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கொங்கு நாட்டில் ஓட்டுகிறவர் கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னொன்று காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை வருகிற காற்றை நம்பித்தான் உடுமலை, கேத்தனூர் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று பொள்ளாச்சி ரோட்டிலும் உடுமலை ரோட்டிலும் பக்கவாட்டில் அறையும். உயரமான, பெட்டி வடிவ வண்டியை இன்னும் மூன்று நான்கு இன்ச் தூக்கி, கூரையில் கேரியரும் வைத்து லாரியை முந்தும்போது, அதன் மறைவிலிருந்து வெளியே வருகிற நொடியில் வண்டி ஒரு முழம் நகரும். மலைத்தடத்தில் நாம் ஓட்டுவது மாதத்தில் சில மணி நேரம், மீதி நேரமெல்லாம் இந்தச் சாலைகளில்தான். அதனால்தான் 40, 50 மி.மீ.க்கு மேல் யாருக்கும் நான் சொல்வதில்லை.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலையில், மாக்கம்பாளையம் வழியில் குறுக்கிடும் குரும்பூர்ப் பள்ளமும் சர்க்கரைப் பள்ளமும் மழையில் அரசுப் பேருந்தையே நிறுத்தியவை. வண்டியை 50 மி.மீ. தூக்கியவர் தன் காற்றுக் குழாயின் வாயையும் 50 மி.மீ. மட்டுமே தூக்கியிருக்கிறார். இழுக்கிற வெள்ளத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. அங்கே ஊர்க்காரர்கள் காத்திருந்தால் நாமும் காத்திருப்போம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்று விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வாளையாறு தாண்டினால் கேரள மோட்டார் வாகனத் துறையின் கண்டிப்பு ஊரறிந்தது. பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதலை வாங்கி வையுங்கள். மட்கார்டுக்கு வெளியே நீட்டும் டயரும் சேஸிக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்த பாடி லிஃப்ட்டும் எனக்கு எந்தக் காரணத்தாலும் பிடிக்காதவை.

செலவு வரிசை கேட்டால் நான் சொல்வது இது: முதலில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர், கம்பெனி அளவிலேயே. அடுத்து, கூடக் கொண்டுபோகக் காற்று அடிக்கும் கம்ப்ரஸர். டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினாலே பாதிச் சிரமம் தீரும். மூன்றாவது, அடியில் தட்டும் இடத்துக்கு இரும்புத் தகடு. அதற்குப் பிறகும் சுண்ணாம்பு உரிந்தால்தான் ஸ்பிரிங்கும் ஷாக்கும், ஒரே கம்பெனியின் ஒரே செட்டாக.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், ஷாக், போல்ட்டுகளைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். முன் இடது, முன் வலது என்று ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் எழுதி, கிரீஸ் தடவி, சாக்கில் கட்டித் தோட்டத்துச் சாளையில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போதோ, ஆய்வாளர் ஆட்சேபித்தாலோ, மறுபடி மாட்ட அவை வேண்டும்.