முடி உதிர்வு: மூன்று மாதங்களுக்கு முன் என்ன நேர்ந்தது?

எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் சிலர், சீப்பில் சிக்கிய முடியைத் தாளில் பொதிந்து எடுத்து வருகின்றனர். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதே பலர் கூறும் காரணம். செம்மண்டலம் முதல் சிதம்பரம் வரை இதே பேச்சுத்தான். உப்புநீர் முடியை வறளச் செய்யும், நடுவே ஒடியவும் செய்யும். வேரோடு கழன்று விழும் முடிக்கு அது காரணமன்று. ஆகவே நாங்கள் கேட்கும் முதற் கேள்வி வேறு: மூன்று மாதங்களுக்கு முன் உங்கள் உடலுக்கு என்ன நேர்ந்தது?

தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, ஏறத்தாழ 3 மாதங்கள் ஓய்ந்திருந்து, பின் விழுகிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், மகப்பேறு, பெரிய அறுவைச் சிகிச்சை, பட்டினிக்கு நிகரான உணவுக் குறைப்பு ஆகியவை நேரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வுநிலைக்குச் சென்றுவிடுகின்றன. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலுக்குத் தை மாதத்தில் முடி கொட்டும். அதற்குள் காய்ச்சலை வீட்டார் மறந்திருப்பர். குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிமார் கூறுவதுண்டு. சிரிப்பின் மேல் பழியில்லை, ஆனால் காலக் கணக்கு சரியானதே. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானே நின்றுவிடும்.

நிற்கவில்லையெனில் இரத்தப் பரிசோதனை தேவை. ஹீமோகுளோபின், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்போம். மாதவிடாயில் மிகுதியாக இரத்தம் போவதைப் பெண்கள் தயங்காமல் கூற வேண்டும். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை உட்கொள்வோர் அதையும் முன்னதாகவே சொல்லுங்கள். தைராய்டு பரிசோதனையின் முடிவையே அது தவறாகக் காட்டக்கூடும்.

வட்டமாக முடி கொட்டுவதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழு ஏதுமில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் முடிவேரையே தாக்குவதால் வருவது. சின்ன வெங்காயத்தைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். குழந்தையின் தலையில் செதிலும் அரிப்பும் சீழ்வீக்கமும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மருந்து பல வாரங்கள் வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அதை மேலும் பரப்பும்.

எங்களை மிகவும் வருத்துவது வேறொன்று. முடி போன இடம் சிவந்து எரிந்து, பின் மயிர்த்துளைகளே தெரியாமல் வழவழப்பாகிப் பளபளத்தால், வேர்ப்பை அழிந்து வடுவாகிறது என்று பொருள். லூபஸ் போன்ற நோய்களில் இது நேரும். அழிந்த இடத்தில் முடி மீண்டும் முளைக்காது. சிகிச்சையால் மிஞ்சியதைக் காக்க மட்டுமே இயலும். திருவந்திபுரத்தில் வேண்டுதலுக்கு முடியிறக்குவதில் எங்களுக்கு மறுப்பில்லை. மொட்டையடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்று நம்பி இந்நோயோடு காத்திருப்பதுதான் இழப்பு. மழித்தல் தோலுக்கு அடியிலுள்ள வேரை மாற்றுவதில்லை.

இவ்வறிகுறி கண்டவர்கள் நாள் கடத்தாமல் தோல் நோய் மருத்துவரைக் காண வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையையோ, அண்ணாமலைநகரிலுள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். பழைய பரிசோதனைச் சீட்டுகள், உண்ணும் மாத்திரைகள், பூசிய களிம்பின் குழாய் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். அன்று தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம்.