ஆறாவது எங்கே சேர்ப்பது?

திண்டிவனம்,
10.5.2025

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. பெரியப்பாவுக்கு முட்டிவலி இந்த வெயிலில் கொஞ்சம் தேவலாம். நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குழம்பைக் கிளறுகிறவள். பாதி காதில் விழாது. எழுதி அனுப்பினால் நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து ஒருதரம் படிப்பீர்கள்.

பாப்பா ஐந்தாவது முடித்துவிட்டாள். கணக்கில் 92 வாங்கியிருக்கிறாள் என்று சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும்தான். ஆனால் அந்த 92-ஐ வைத்து, “இவ்வளவு நன்றாகப் படிக்கிற பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்துக்கு வேன் வைத்து அனுப்பாமல் இருக்கலாமா” என்று மாப்பிள்ளையின் தம்பி கேட்டாராமே, அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாவது மார்க்கைப் பார்த்து மேல்பள்ளி முடிவாவதில்லை நம் ஊரில். ஐந்தாவதுக்குப் பொதுத்தேர்வு வைக்கப்போகிறோம் என்று 2019-இல் நம் மாநிலத்தில் கிளம்பினார்கள். 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். இலங்கையில் இன்றும் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை உண்டு. சிங்கப்பூரில் ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் தேர்வைப் பொறுத்துத்தான் மேல்பள்ளி. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ராத்திரி டியூஷன் வைக்கிற ஊர்கள் அவை. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எந்தப் பள்ளி என்று முடிவெடுக்கிற வேலை முழுக்க அப்பா அம்மா தலையில் விழுகிறது. சொந்தக்காரர்களும் வேன்காரரும் அந்த இடைவெளியில்தான் நுழைகிறார்கள்.

பாப்பா எந்த வருஷத்துப் பிள்ளை என்று யோசித்துப் பார். 2020-இல் ஒன்றாவது சேர்ந்தவள். கொரோனாவால் ஒன்றாம் வகுப்பு அறைக்குள் காலே வைக்காமல் இரண்டாவதுக்குப் போனவள். சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்கு ஐந்து நாள் முன்னால், அக்டோபர் 27 அன்று, நம்ம முதலியார்குப்பத்துக்குத்தான் முதலமைச்சர் வந்து இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். உன் தெருவில் அந்தத் தன்னார்வலப் பெண் சாயங்காலம் பாயை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தாளே, பாப்பா நிஜத்தில் எழுத்துக் கூட்டியது அந்தப் பாயில்தான். இந்த வருஷத்துப் பிள்ளைகளிடம் மேலே மார்க் இருக்கும், அடியில் ஓட்டை இருக்கும். முப்பத்து மூன்று வருஷம் தொடக்கப் பள்ளியில் நின்றவள் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நிறுத்தாமல் படிக்கச் சொல். 847-ஐ 7-ஆல் வகுக்கச் சொல். இரண்டும் வந்தால் எந்தப் பள்ளியிலும் பிழைத்துக்கொள்வாள். வராவிட்டால் எவ்வளவு பெரிய பள்ளியில் போட்டாலும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். அங்கே அவளுக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை யாரும் திருப்பி நடத்த மாட்டார்கள்.

எனக்கு அவளிடம் நம்பிக்கை இருக்கிறது. பொங்கலுக்கு வந்திருந்தபோது கடையில் வாங்கிய உப்புப் பாக்கெட்டை எடுத்து, “அ...யோ...டின் கலந்த உப்பு” என்று கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, “ஏன் பாட்டி, அப்பா வாருற உப்புல அயோடின் இல்லையா?” என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். உப்பளத்து உப்பில் பொட்டாசியம் அயோடேட் கரைசலை அப்புறமாகத்தான் தெளித்துக் கலக்கிறார்கள், கழுத்தில் கழலை வராமல் இருக்க என்று நான் சொன்னேன். “அப்ப யாரு தெளிக்கிறா?” என்று அடுத்த கேள்வி. இந்தப் பிள்ளைக்கு டை கட்டிவிட வேண்டாம். கேள்வி கேட்டால் எரிந்து விழாத ஒரு வாத்தியார் போதும்.

இப்போது பணக் கணக்கு. அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் வருஷத்துக்கு 38,000, வேனுக்கு மாதம் 1,200 என்று சொன்னாய். பத்து மாத வேனையும் சேர்த்தால் 50,000. பணம் பெரிது என்பதைவிட, அது வருகிற மாதம்தான் எனக்கு உறுத்துகிறது. ஜூனில் ஒரு தவணை, அக்டோபரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. பொங்கல் கழிந்துதான் உங்கள் அளம் ஓட ஆரம்பிக்கிறது. பங்குனி சித்திரையில் கை நிறையக் கூலி. ஐப்பசி பிறந்தால் பாத்தியில் தண்ணீர், வீட்டில் ஈரம். இரண்டாவது தவணை சரியாக அந்த மாதத்தில் வந்து நிற்கும். மூன்றாவது, அளம் திரும்பத் தொடங்கும் முன்பே. போன நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் அடித்துவிட்டுப் போன மறுநாள், பாத்தி எது கழுவெளி எது என்று தெரியாமல் கிடந்ததை நீதானே வீடியோ எடுத்து அனுப்பினாய். மழைக்கால நிவாரணமாக அரசு தருகிற 5,000 ரூபாய் அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். அளத்துக்காரரிடம் முன்பணம் வாங்கி ஃபீஸ் கட்டலாம் என்று மாப்பிள்ளை நினைக்கிறார் போலிருக்கிறது. முன்பணம் வாங்கினவன் கூலி கேட்டு வாய் திறக்க முடியாது என்பது அவருக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

என் வீட்டுக் கதையை நீ முழுதாகக் கேட்டதில்லை. உன் அண்ணன் மகனை எல்.கே.ஜி.யிலிருந்து எட்டாவது வரை ஒரு தனியார் பள்ளியில் படிக்க வைத்தோம். பேர் வேண்டாம். எட்டாவதில் ஃபீஸ் பாக்கி என்று அவனை இரண்டு நாள் வராந்தாவில் நிற்க வைத்தார்கள். ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். அங்கே நன்றாகத்தான் படித்தான். பன்னிரண்டு முடித்துக் கவுன்சலிங்குக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021-இலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கினார்கள். அதில் சேருகிற பிள்ளைக்குப் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் மகன் அப்படித்தான் சேர்ந்தான். மார்க் இவனைவிடக் குறைவு. எங்கள் பையனுக்கு ஆறு, ஏழு, எட்டு மூன்று வருஷம் இடித்தது. ஆர்.டி.இ. இலவச ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர்களுக்கு விலக்கு உண்டு. நாங்கள் சொந்தக் காசு கட்டிச் சேர்த்தவர்கள். கல்லூரிக்குப் போகிற அரசுப் பள்ளிப் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற தமிழ்ப் புதல்வனும் அதே காரணத்தால் கிடைக்கவில்லை. காசு கொடுத்துத் தகுதியை இழந்த குடும்பம் எங்களுடையது.

பாப்பாவுக்கு அதே உதவி தருகிற புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கும் ஆறாவதிலிருந்துதான் கணக்கு. இந்தத் திட்டமெல்லாம் அவள் கல்லூரிக்குப் போகும் 2032-இல் இதே உருவில் இருக்குமா என்றால், ஆட்சி மாறும், விதி மாறும். ஆனாலும் இன்று கையில் இருக்கிற தகுதியைக் காசு கொடுத்து ஏன் விட வேண்டும்? எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு வரும். தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000. அதுவும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். அந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிற வாத்தியார் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டு வை.

நாத்தனார் சொன்ன நவோதயா பள்ளி யோசனையை இத்தோடு விட்டுவிடு. தமிழ்நாட்டில் நவோதயா கிடையாது. காலாப்பட்டில் இருப்பது புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு. அந்த மாவட்டத்திலேயே குடியிருந்து அங்கேயே ஐந்தாவது படித்திருக்க வேண்டும். இந்த வருஷத் தேர்வு ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. புதுச்சேரி ரேஷன் கார்டில் பொய்யாகப் பேர் சேர்த்தெல்லாம் பிள்ளையின் படிப்பைத் தொடங்க வேண்டாம்.

ஆகவே நம்மூர் அரசு மேல்நிலைப் பள்ளி என்பதுதான் என் முடிவு. தமிழ் மீடியத்திலேயே இருக்கட்டும். ஒன்றாவதிலிருந்து தமிழில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் தனியாக இருக்கிறது. அதைவிட முக்கியம், அறிவியல் அவளுக்குப் புரிய வேண்டும். இங்கிலீஷுக்கு நான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் அரை மணி நேரம், நானும் அவளும். நீ குறுக்கே வராதே.

அரசுப் பள்ளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடு என்று அர்த்தமில்லை. சேர்க்கைக்குப் போகிற அன்று ஆபீஸ் ரூமோடு திரும்பி வராதே. பெண் பிள்ளைகள் கழிவறைக்கு நடந்து போய்ப் பார். தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட வழி இருக்கிறதா. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் அவள் பெரியவளாகிவிடுவாள். தாழ்ப்பாள் இல்லாத கழிவறையால் மாதம் நாலு நாள் வீட்டில் நின்று, அந்த நாலு நாளில் வகுத்தலை விட்டு, பிறகு பள்ளியையே விட்ட பெண்களை நான் பெயர் சொல்லி எண்ணுவேன். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் இருக்கிறாரா, இடம் காலியா என்று கேள். குறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. “நமக்கென்ன தெரியும்” என்று பின்வரிசையில் உட்காராதே.

இன்னொன்று, இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் விடியற்காலை மூன்றரைக்கு அளத்துக்குப் போய்விடுகிறீர்கள். இத்தனை நாள் பாப்பா வெறும் வயிற்றோடு போனாலும் பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டாள். அந்தக் காலை உணவுத் திட்டம் ஐந்தாவதோடு நிற்கிறது. ஆறாவதில் மதியச் சத்துணவு உண்டு, காலைச் சோறு இல்லை. அவள் தம்பி இரண்டாவதில் இருப்பதால் அவனுக்குக் கிடைக்கும். அவனைக் கிளப்பி, அவன் பள்ளியில் விட்டுவிட்டு, தான் பசியோடு ஓடுகிறவளாக இவள் ஆகிவிடுவாள். கேட்டால் “பசிக்கல” என்பாள். ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றி வை. பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லி அவள் சாப்பிட்டாளா என்று பார்க்கச் சொல். தம்பியைக் கூட்டிப்போகிற வேலையையும் வேறு யாரிடமாவது கொடு. ஈ.சி.ஆரைத் தனியாகக் கடக்க விடாதே. பாண்டிக்குப் பறக்கிற கார்க்காரன் பிள்ளைக்காக நிற்க மாட்டான்.

உப்பு வாருகிற மாதத்தில் ஆள் போதவில்லை என்று ஒருநாள் கூட அவளை அளத்துக்குக் கூப்பிடக் கூடாது. இதை மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகவே சொல்.

தலைமையாசிரியரைப் பார்த்து டி.சி. வாங்கி வை. பிள்ளையின் எமிஸ் பதிவு நம்பரைக் குறித்துக்கொள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், டி.சி. மூன்றிலும் பேரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார். டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்க மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் எனக்குப் போன் போடு. ஜூன் 2 திங்கட்கிழமை பள்ளி திறக்கிறார்கள். மே 30-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நான் வருகிறேன். கழிவறையை இரண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
பெரியம்மா