கரை இறங்கிய நகரம்: ஒரு தம்பதியரின் இரு நாள் ஜார்ஜ்டவுன் பயணம்

முன்னுரை

விடுமுறை என்றதும் நம்மவர்கள் கேமரன் மலைக்கும் லங்காவிக்கும் புறப்பட்டு விடுகிறோம். செபெராங் பிறையில் வாழும் எங்களுக்கோ ஜார்ஜ்டவுன் என்பது தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் இடம். தைப்பூசத்திற்குப் போகும் இடம். போன அன்றே வீடு திரும்பி விடுவோம். அருகில் இருப்பதாலேயே அந்நகரை நாம் பார்த்ததில்லை.

ஒரு தம்பதியர் வார இறுதி விடுமுறையில் ஓர் இரவு தங்கி, கால்நடையாக ஜார்ஜ்டவுனைப் பார்த்தால் அங்கிருந்து என்ன கற்றுக்கொள்ள முடியும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு நான் எடுத்துக்கொண்ட தம்பதியர் என் பெற்றோர். நிபோங் திபாலில் வாழும் அவர்கள் திருமணமாகி 25 ஆண்டுகளாகியும் ஜார்ஜ்டவுனில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. பயணத் திட்டத்தை நான் வரைந்தேன். போனவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. நான் முன்னதாக அந்த வழியில் நடந்து குறித்துக்கொண்டவையும், அவர்கள் திரும்பி வந்து சொன்னவையும் இங்கே இடம்பெறுகின்றன.

ஏன் ஜூலை 7?

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அந்நாள் பினாங்கு மாநிலத்தில் பொது விடுமுறை. 2025இல் அது திங்கட்கிழமையில் வந்ததால் நீண்ட வார இறுதி கிடைத்தது.

ஜார்ஜ்டவுனில் பாதுகாக்கப்படும் மையப் பகுதியின் பரப்பளவு 109.38 ஹெக்டர்தான். அதைச் சுற்றி 150.04 ஹெக்டர் இடைப்பகுதியாக உள்ளது. மையப் பகுதி முழுவதையும் இரண்டு நாளில் நிதானமாக நடந்தே பார்த்துவிடலாம். கார் தேவையில்லை.

நிபோங் திபாலிலிருந்து கரை வரை

2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் பத்து காவானிலிருந்து தொடங்குவதால் எங்கள் ஊர்க்காரர்கள் காரில் அவ்வழியே போவதுதான் வழக்கம். ஆனால் நான் பரிந்துரைத்தது ரயிலும் ஃபெரியும். நிபோங் திபாலில் கொமுட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த் சேர்ந்தால், நிலையத்திலிருந்து நடந்தே ஃபெரித் துறைக்குப் போகலாம். கார்களை ஏற்றிச் சென்ற பழைய ஃபெரிகள் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதிய ஃபெரிகளில் பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் மிதிவண்டிகளும் மட்டுமே செல்லலாம்.

இவ்வழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் இந்நகரைக் கடல் வழியாகத்தான் முதலில் கண்டனர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்களுக்கு மலாயாவின் முதல் துறைமுகம் பினாங்கு. கப்பலில் வந்த தொழிலாளர்கள் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்டனர். பிறகே தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் ஆள் வருவது 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு நின்றது.

ஃபெரியில் அப்பா அம்மாவிடம் சொன்னாராம்: "எங்க தாத்தா இந்தக் கரையிலதான் எறங்கியிருப்பாரு. எந்த எடம்னு கேட்டு வச்சுக்கல பாரு." அதற்கு அம்மா, "கேட்டிருந்தாலும் அவருக்கே தெரிஞ்சிருக்குமாங்க? எறக்கி விட்டாங்க, எறங்கியிருப்பாரு" என்றாராம். நம் சமூகத்தின் வரலாற்றில் உள்ள பெரிய வெற்றிடம் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

ஃபெரி வந்து சேரும் வெல்ட் கீ கரை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. அதற்கு முன் கடலை ஒட்டியிருந்தது லெபோ பந்தாய், அதாவது கடற்கரைத் தெரு. இன்று அத்தெருவிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. பெயரில் மட்டுமே கரை மிஞ்சியிருக்கிறது. அங்கிருந்து கடலை நோக்கிப் போகும் சிறு தெருக்களின் பெயர்களில் வரும் 'காட்' என்ற சொல்லும் படித்துறையைக் குறிக்கும் இந்தியச் சொல்தான்.

முதல் நாள்: தெருக்கள் சொல்லும் பாடம்

லெபோ பாசார், லெபோ குயின், லெபோ பினாங் ஆகிய தெருக்கள் அடங்கிய பகுதியே 'லிட்டில் இந்தியா'. லெபோ குயினில் 1833இல் கட்டப்பட்ட அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயம் பினாங்கின் மிகப் பழைய இந்து ஆலயமாகும். அங்கிருந்து சில நிமிட நடையில் 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. அதை எழுப்பிய காதர் முகைதீன், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர். அதே சாலையில் சீனர்களின் குவான் இன் ஆலயமும், சாலையின் முனையில் 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் உள்ளன.

'கிளிங்' என்ற சொல்லைக் கேட்டால் இன்று நமக்குக் கோபம் வருகிறது. அது நியாயமே. ஆனால் அச்சொல் கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து பிறந்ததாகவே பெரும்பாலோர் கருதுகின்றனர். பள்ளிவாசலுக்குப் பெயரிட்ட காலத்தில் அது தென்னிந்திய மக்களின் தலைவர் என்ற மதிப்பைச் சுமந்தது. ஒரு சொல் எப்படி மதிப்பிலிருந்து வசையாக மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் மொழி மாணவர்களுக்குக் கிடைக்காது.

லெபோ சூலியாவும் அப்படித்தான். சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களைக் குறிக்கும் சொல் 'சூலியா'. நாகூர் ஆண்டவர் பெயரில் எழுந்த தர்கா இன்றும் அத்தெருவில் இருக்கிறது. நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர் 1883இல் 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் இதழைத் தொடங்கியதும் இதே பினாங்கில்தான். தோட்டத் தொழிலாளர் என்ற ஒரே அடையாளத்தோடு நம்மைப் பார்க்கப் பழகிய நமக்கு, வணிகர், புலவர், பத்திரிகையாளர் என்ற பிற முகங்களை இத்தெருக்கள் காட்டுகின்றன.

இரண்டாம் நாள்: சுவரோவியமும் சோறும்

லெபோ ஆர்மீனியனில் 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த, மிதிவண்டியில் செல்லும் இரு சிறுவர்களின் ஓவியத்தின் முன் எப்போதும் கூட்டம். என் பெற்றோரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். பிறகு வெல்ட் கீயில் உள்ள சீனர்களின் குலத் துறைகளுக்குச் சென்றனர். கடல்மேல் கால் நட்ட மர வீடுகளில் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

மதியம் நாசி கண்டார். 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் கம்பு. அதன் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றனர். நாம் காவடி என்று சொல்லும் அதே அமைப்புதான். இன்று நாட்டிற்கே பெருமை தரும் இவ்வுணவு, உழைப்பாளியின் பசிக்குப் பிறந்தது.

சுவர்கள் காக்கப்பட்டன, மனிதர்கள்?

இங்கே ஒரு கேள்வியை எழுப்ப வேண்டியுள்ளது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் பல இனத்து எளிய மக்கள் வாழ்ந்து வந்தனர். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அக்கட்டுப்பாடு நீங்கியது. வாடகை உயர்ந்தது. பலர் வெளியேறினர். அதன் பிறகு வந்த உலகப் பாரம்பரியத் தகுதி கட்டடங்களை இடிபடாமல் காத்தது. அதே தகுதி அவற்றின் மதிப்பையும் ஏற்றியது. குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பல, தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின.

பூக்கட்டுபவர், பொற்கொல்லர், மாவரைப்பவர் இல்லாத ஒரு லிட்டில் இந்தியாவைக் கற்பனை செய்து பாருங்கள். கட்டடம் இருக்கும்; தெரு இருக்காது. வெளிநாட்டுப் பயணி ஒரு படத்தோடு போய்விடுவார். அந்தக் கடைகளில் தமிழில் பேசி, பூவும் மசாலாத் தூளும் வாங்கி, அவர்களின் கதையைக் கேட்கக்கூடியவர்கள் நாம்தான். என் அம்மா ஒரு பூக்கடையில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாராம். இரண்டு நாளில் அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்றார்.

செல்ல விரும்பும் தம்பதியருக்குச் சில குறிப்புகள்:

1. காலை பத்து மணிக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பின்னும் நடங்கள். நண்பகல் வெயில் கடுமையானது.
2. வழிபாட்டுத் தலங்களுக்கு ஏற்ற உடை அணியுங்கள். தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் செல்வதைத் தவிருங்கள்.
3. ஓர் இரவாவது தங்குங்கள். கடைகள் அடைத்த பின்பும் திறக்கும் முன்பும்தான் தெருவில் வாழ்பவர்களைச் சந்திக்க முடியும்.
4. புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களின் பெற்றோர் எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் வந்தனர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவுரை

ஜார்ஜ்டவுன் நமக்குச் சுற்றுலாத் தலம் மட்டுமன்று. நம்மில் பலரின் குடும்ப வரலாற்றில் முதல் பக்கமும் ஆகும். அப்பக்கத்தில் பெயர்கள் எழுதப்படாமல் போயிருக்கலாம். இன்னும் விடை சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள் நம் வீடுகளில் இருக்கும்போதே கேட்டு எழுதுவது பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் கடமை. அடுத்த நீண்ட விடுமுறையில் உங்கள் பெற்றோரை அங்கே அனுப்பி வையுங்கள். திரும்பி வந்ததும் அருகில் அமர்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.