கம்பி பொறுக்க வரும் தம்பிகளுக்கு

1. முதலில், யாருடையது என்று கேள். மயிலாப்பூரில் பழைய வீட்டை இடிக்கிற கான்ட்ராக்டர் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தூக்குகிறார். தேக்கு உத்திரம், ஜன்னல் கம்பி, கர்டர் எல்லாம் அவர் கணக்கு. வாட்ச்மேன் "எடுத்துக்கப்பா" என்றால் போதாது. காசைக் கொடு, துண்டுச் சீட்டாவது வாங்கு. சாக்கடை மூடியை யார் கொண்டுவந்தாலும் தொடாதே. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் வாங்கினவனும் உள்ளே போவான். அந்தச் சட்டப்பிரிவு முன்பு 411. 2024 ஜூலையிலிருந்து 317.

2. ரப்பர் செருப்போடு வராதே. ஆணி ஏறினால் அன்றைக்கே டி.டி. ஊசி.

3. கம்பியைப் பார்த்தே கட்டடத்தின் வயதைச் சொல்லப் பழகு. வழவழவென்று உருண்டையாக இருந்தால் பழசு. கயிறு மாதிரி முறுக்கியிருந்தால் எழுபது, எண்பதுகளின் டார் கம்பி. மேலே கம்பெனிப் பெயரும் வரிவரியான மேடும் இருந்தால் இந்தக் காலத்து டி.எம்.டி. வளைந்ததை நிமிர்த்தி வீடு கட்டுகிறவருக்கு விற்கிறவர்கள் உண்டு. நீ விற்காதே. வளைத்து நிமிர்த்திய இடத்தில், அதிலும் முறுக்குக் கம்பி, விரிசல் விடும். அது உருக்கத்தான் போகவேண்டும்.

கர்டர் வேறு சங்கதி. ஓட்டையும் துருவும் இல்லாவிட்டால் துண்டு போடாதே. முழு நீளத்துக்கு ஆள் வரும். 'டார்மன் லாங்' என்று முத்திரை தென்பட்டால் ஒரு நிமிஷம் நின்று பார். 1932-இல் திறந்த சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டின இங்கிலாந்துக் கம்பெனி அது.

4. தராசுக்கு முன்னால் மனக்கணக்கு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகு. மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்.எம். என்றால் 0.89 கிலோ. பெசன்ட் நகர்ப் பக்கம் இந்தக் கணக்கு சில சமயம் பலிக்காது. உப்புக்காற்று கம்பியைத் தின்றிருக்கும்.

5. எரிந்த கட்டடத்துக்குள் போகவே போகாதே. 2017 மே 31-இல் உஸ்மான் ரோட்டில் தீப்பிடித்த ஏழு மாடி ஜவுளிக்கடையில் மறுநாளே ஒரு பகுதி சரிந்தது. 600 டிகிரிச் சூட்டில் இரும்புக்குப் பாதி பலம்கூட மிஞ்சாது. வெளியிலிருந்து பார்த்தால் தூண் நிற்கிற மாதிரிதான் இருக்கும்.

6. ஒயரைக் கொளுத்தாதே, உரி. சின்ன வயதில் நானும் கொளுத்தினேன். இருமல் நெஞ்சிலே தங்கியது, கருத்த செம்புக்கு விலையும் குறைந்தது.

7. மூடி முத்திரையிட்ட எதையும் வெட்டாதே. கேஸ் சிலிண்டர், ஏ.சி. கம்ப்ரஸர் மட்டுமில்லை. 2010-இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவியைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒருவர் இறந்தார், பலருக்குக் கதிர்வீச்சுக் காயம். சின்னப் பெட்டி, அளவுக்கு மீறிய கனம், மேலே மூன்று இதழ் விசிறிச் சின்னம்: பார்த்தால் தள்ளி நின்று போலீசுக்குச் சொல்.

8. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோ. இடிக்கிற வீட்டில் முதலில் கழற்றி விற்பது பித்தளைக் குழாயைத்தான்.