கடைசியாக எதைத் தொட்டாய்?

தீபாவளிக்கு இன்னும் 18 நாள்களே இருந்தன. கிள்ளானில் உள்ள அந்த அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் அம்மாவின் தையல் இயந்திரமும் அதன் பக்கத்தில் ஒரு பழைய மேசைக் கணினியும் இருந்தன. வாடிக்கையாளர்களின் இரவிக்கை அளவுகள், அவர்கள் கொடுத்த முன்பணம், துணியைத் திருப்பித் தரவேண்டிய நாள் எல்லாம் அந்தக் கணினியில்தான் பதிவாகியிருந்தன.

கணினி மிகவும் மெதுவாக இயங்கியது. அளவுகள் உள்ள கோப்பையும் இணையத்தில் ஒரு மாதிரிப் படத்தையும் ஒன்றாகத் திறந்தால் திரை அப்படியே உறைந்துவிடும். ஐந்தாம் படிவத்தில் பயிலும் மகள் தன் சேமிப்புப் பணத்தில் 8 ஜிகாபைட் ரேம் ஒன்றை வாங்கி வந்தாள். ஏற்கெனவே உள்ள 8 ஜிகாபைட்டோடு இதையும் சேர்த்தால் 16 ஆகும். வேலை விரைவாக நடக்கும் என்பது அவள் எண்ணம்.

சனிக்கிழமை மதியம் அம்மா துணி வாங்கக் கடைக்குச் சென்றிருந்தார். அவள் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, புதிய ரேமைப் பொருத்தினாள். பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. அணைத்துவிட்டு மீண்டும் அழுத்தினாள். ஐந்தாறு முறை முயன்றும் பயனில்லை. அணைத்து அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பது நம்மில் பலருக்கும் உள்ள நம்பிக்கைதான்.

“அக்கா, அம்மா வருவதற்குள் சரியாகிவிடுமா?” என்று கேட்டான் தம்பி. அவள் பதில் சொல்லவில்லை. பட்டர்வொர்த்தில் கணினி பழுதுபார்க்கும் மாமாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“மாமா, கணினி ஓடவில்லை.”

“ஓடவில்லை என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாதம்மா. பொத்தானை அழுத்தியதும் என்னென்ன நடக்கிறது? கண்ணால் பார்த்ததைச் சொல்.”

“மின்விசிறி சுற்றுகிறது. முன்பக்க விளக்கு எரிகிறது. திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது.”

“சரி. மின்சாரம் உள்ளே போகிறது. கடைசியாக எதைத் தொட்டாய்?”

அவள் சற்றுத் தயங்கினாள். “புதிய ரேம் ஒன்றைப் போட்டேன், மாமா.”

“அதற்கு முன்பு ஓடியதா?”

“காலையில்கூட அம்மா வேலை செய்தார்.”

“அப்படியானால் அங்கிருந்தே தேடுவோம்.”

பொத்தானை அழுத்தியதும் கணினி நேராக வேலையைத் தொடங்கிவிடுவதில்லை. முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு நிரல் இந்தச் சோதனையை நடத்துகிறது. செயலி இருக்கிறதா, நினைவகம் பதில் தருகிறதா, திரைக்குப் படம் அனுப்ப முடிகிறதா, சேமிப்பகம் கிடைக்கிறதா என்று பார்க்கிறது. நினைவகம் பதில் தராவிட்டால் சோதனை அங்கேயே நின்றுவிடும். அப்போது திரைக்கு இன்னும் படம் போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே, பிழையைக் கணினியால் எழுதிக் காட்ட முடியாது. சில கணினிகள் ‘பீப்’ என்று ஒலியெழுப்பித் தெரிவிக்கும். வேறு சிலவற்றில் தாய்ப்பலகையின் ஓரத்தில் சிறு விளக்குகள் இருக்கும். சோதனை எந்தக் கட்டத்தில் நின்றதோ அந்த விளக்கு அணையாமல் எரியும்.

தம்பி கைவிளக்கோடு குனிந்து பார்த்தான். நான்கு சிறு விளக்குகளில் ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதன் அருகே ‘டி-ரேம்’ என்று அச்சிடப்பட்டிருந்தது.

“மாமா, அம்மாவின் கோப்புகள் போய்விட்டனவா?” அவள் குரல் தழுதழுத்தது. இதுதான் அவளைத் தொடக்கத்திலிருந்தே வாட்டிய கேள்வி.

“அம்மா துணி வெட்டும் மேசையை நினைத்துப் பார். வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்துவிடுவார். துணிகள் எல்லாம் அலமாரிக்குப் போய்விடும். ரேம் அந்த மேசை. கோப்புகள் இருப்பது அலமாரியில். நீ அலமாரியைத் தொடவில்லையே?”

“இல்லை, மாமா.”

“அப்படியானால் பயப்படாதே.”

மாமா சொல்லச் சொல்ல அவள் செய்தாள். கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிவதற்காகப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தாள். உடலில் நிலைமின்சாரம் இருந்தால் ரேமின் சில்லுகள் பழுதாகலாம். ஆகவே, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைத்தாள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் திறக்கக்கூடாது என்று மாமா கண்டிப்பாகக் கூறினார். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

புதிய ரேமைக் கழற்றினாள். இப்போது பழையது மட்டுமே இருந்தது. காலையில் ஓடிய அதே கணினி. மின்சாரம் கொடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுப்பாகவே இருந்தது. அதே விளக்கு எரிந்தது.

தாய்ப்பலகையே கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நன்றாக யோசித்துச் சொல்லம்மா. புதியதை மட்டும்தான் தொட்டாயா?” என்று கேட்டார்.

“பழையதையும் ஒருமுறை கழற்றினேன். இரண்டும் ஒரே வகைதானா என்று வைத்துப் பார்த்தேன். பிறகு அதே இடத்தில் போட்டுவிட்டேன்.”

“இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?”

“அது பழையதுதானே என்று நினைத்தேன், மாமா.”

அவள் ஒப்பிட்டுப் பார்த்தது சரியான செயல்தான். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்னும் இரு வகை ரேம்களிலும் 288 தொடுமுனைகள் உள்ளன. ஆனால், கீழ்விளிம்பிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடுக்கில் மற்றொன்று நுழையாது. அவளிடம் இருந்தவை இரண்டும் டி.டி.ஆர்.4. தவறு திரும்பப் பொருத்தியதில் நேர்ந்தது. அந்தத் தாய்ப்பலகையில் இடுக்கின் ஒரு முனையில் மட்டுமே அசையும் பிடி இருந்தது. மறுமுனை முழுவதும் இறங்கியதா என்பதைக் கையால் அழுத்தித்தான் உறுதிசெய்ய வேண்டும். தம்பி மீண்டும் விளக்கைப் பிடித்தான். பழைய ரேமின் ஒரு முனை நகக்கண் அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

மீண்டும் மின்கம்பியைப் பிடுங்கி, ரேமை எடுத்து, வெட்டைச் சரிபார்த்து, இரு முனைகளையும் சமமாக அழுத்தினாள். ‘டக்’ என்ற ஒலி தொலைபேசியில் மாமாவுக்கும் கேட்டது. இம்முறை திரையில் ஒளி வந்தது. தம்பி கைதட்டினான்.

“இன்னும் முடியவில்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் அதே இடத்தில் போட்டுப் பார். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாது” என்றார் மாமா.

புதியது தனியாகவும் ஓடியது. பிறகு இரண்டையும் சேர்த்துப் பொருத்தினாள். திரை மீண்டும் கறுப்பானது. அவள் கை தானாகவே பொத்தானை நோக்கிச் சென்றது.

“தொடாதே! ரேமை மாற்றிய பிறகு முதன்முறை இயங்கும்போது தாய்ப்பலகை அதற்கேற்ற வேகத்தைக் கணித்துக்கொள்ளும். பொறுத்திரு.”

முப்பது விநாடி கடந்தது. கணினி தானே ஒருமுறை அணைந்து எரிந்தது. பிறகு திரை தெளிந்தது. அமைப்புப் பக்கத்தில் 16 ஜிகாபைட் என்று காட்டியது.

மாமாவின் கடைக்கு இத்தகைய கணினிகள் அடிக்கடி வரும். புதிய வரைகலை அட்டையைப் போட்டவர், திரையின் கம்பியைப் பழைய துளையிலேயே விட்டிருப்பார். செயலியை மாற்றியவர், அதன் அருகிலுள்ள மின்கம்பியைச் செருக மறந்திருப்பார். இன்னும் சிலர், பழைய பயாஸுக்குத் தெரியாத புதிய செயலியைப் போட்டுவிட்டு, செயலி கெட்டுவிட்டது என்று வருந்துவார்கள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா துணிப் பைகளைக் கீழே வைத்துவிட்டு, திறந்து கிடந்த கணினியையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன செய்துவிட்டீர்கள்?”

“ரேம் போட்டேன், அம்மா. ஒரு மணி நேரம் ஓடவில்லை. இப்போது ஓடுகிறது” என்றாள் மகள்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, முதலில் அளவுகள் உள்ள கோப்பைத் திறந்தார்.